புதுப் பொன்னாடை

பாராட்டு விழாவிலிருந்து கோதண்டபாணியோடு வீட்டுக்கு வந்த புதுப் பொன்னாடையை, சமையலறை மேடையில் போட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்தில் மிக்சியைப் போர்த்தியபடி ஒரு பழைய பொன்னாடை இருந்தது. அதன் சரிகை முழுக்கத் தேங்காய்ச் சட்னிக் கறை.

"என்னக்கா இது கோலம்?" என்று புதியது பதறியது.

"நானும் மாலை மரியாதையோட வந்தவதான்டி. என் கூட வந்தவளுங்கள்ல ஒருத்தி இஸ்திரிப் பெட்டிக்கு அடியில கெடக்கா. இன்னொருத்தி மேல பூனை தூங்குது."

"என்னை அப்படியெல்லாம் விட மாட்டார். போர்த்தினப்ப ஐயா கண்ணே கலங்கிடுச்சு. உயிர் உள்ளவரை கண்ணாடி பீரோவுல வெச்சுப் பாதுகாப்பேன்னு மைக்கிலயே சொன்னார்."

"அது எல்லா மேடையிலயும் சொல்றதுதான். அவரைப் பத்தி என்ன சொன்னாங்க?"

புதியது நிமிர்ந்துகொண்டது. "வள்ளல்னாங்க, சிங்கம்னாங்க, அறிவுக்கடல்னாங்க. கடைசியா தலைவர் எழுந்து, எந்தப் பொருளையும் வீணாக்காத மனுஷர்னார்."

அதற்குள் கோதண்டபாணியே உள்ளே வந்தார். புதுப் பொன்னாடையை உதறி, ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் சுற்றிப் பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"வசுமதி, கத்தரிக்கோலை எங்க வெச்ச? ரெண்டா வெட்டினா மேல் கதவுக்கும் கீழ்க் கதவுக்கும் ஆகும்."

"அக்கா!" என்று அலறியது புதியது.

"அழாதடி," என்றது பழையது. "இத்தனை மேடை ஏறியிருக்கார். அவரைப் பத்தி ஒரு உண்மையைச் சொன்னது உன் விழாவுலதான்."