கடலில் ஒரு கறுப்புத் திட்டு

மேகத்தைத் தாண்டியும் பார்க்கிற ரேடார் செயற்கைக்கோள் ஒன்று, கடலைப் படமெடுத்துவிட்டு அலறியது: "ஐயையோ! கறுப்பா ஒரு திட்டு! எண்ணெய் கொட்டிடுச்சு!"

கீழே நீந்திக்கொண்டிருந்த கடலாமை அதைக் கேட்டு வெடுக்கென்று தலையைத் தூக்கியது. அதன் குஞ்சுகள் அந்தப் பக்கம்தான் நீந்தப் போயிருந்தன.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே!"

"எனக்கேவா சொல்லித் தர்ற? அலையடிச்சா படத்துல வெள்ளையா விழும். வழவழன்னு கெடந்தா கறுப்பு. எண்ணெயைத் தவிர வேற எது வழவழன்னு கெடக்கும்?"

ஆமை மூச்சுவாங்க நீந்திப் போனது. எண்ணெய் வாடையே இல்லை. குஞ்சுகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. நடுவில் காற்று மட்டும் "கொர்ர்ர்" என்று குறட்டை விட்டுத் தூங்கியது. அதனால்தான் அங்கே அலையே இல்லை.

"எழுந்திருப்பா! உன் தூக்கத்தைப் பாத்து மேல ஒருத்தர் எண்ணெய்ங்கிறாரு!"

"தூங்கினது ஒரு குத்தமா?" என்று காற்று சோம்பல் முறித்தது. தண்ணீர் சிலிர்த்து அலை எழுந்தது. ஆமைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த சுற்றில் செயற்கைக்கோள் கூவியது: "திட்டைக் காணோம்! பாத்தியா, நான் போட்ட ஒரு சத்தத்துல சுத்தம் பண்ணிட்டாங்க!"

"எல்லாம் உங்க புண்ணியம்ணே!" என்றது ஆமை.

காற்று கொட்டாவி விட்டது. "அப்ப நான் திரும்பப் படுக்கட்டுமா?"

"பக்கத்துக் கடல்ல போய்ப் படு சாமி!"