சாவி நுழையும், திரும்பாது

"இனிமே அந்தப் பொம்பளை இந்த வீட்டுக்குள்ள காலடி எடுத்து வைக்கக் கூடாது. அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

பூட்டுக்காரர் கருவிப் பையை வாசலில் இறக்கிவிட்டு நிமிர்ந்தார். அந்த அம்மாளுக்குக் காதோரம் முழுக்க நரை. கையில் வீட்டுச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"யாரும்மா அது?"

"மாமியார்தான். வேற யாரு?"

பூட்டுக்காரர் ஏற்கெனவே ஒருமுறை பங்காளிச் சண்டையில் மாட்டி விழி பிதுங்கியவர். வீடு யார் பேரில் என்று கேட்டார். அந்த அம்மாள் வீட்டு வரி ரசீதையும் அடையாள அட்டையையும் நீட்டினார். இரண்டிலும் ஒரே பெயர்தான்.

"பூட்டையே மாத்த வேணாம்மா. உள்ள இருக்கிற சின்னச் சின்ன பின்னுங்களை மட்டும் மாத்திடறேன். பழைய சாவி நுழையும், ஆனா திரும்பாது."

"அது போதும்."

அவர் திருகாணிகளைக் கழற்றி, பூட்டின் நடு உருளையை உருவி, ஒரு துணியின் மேல் கவிழ்த்தார். பித்தளைப் பின்கள் அரிசி அரிசியாய் உதிர்ந்தன.

"ரொம்பத் தொல்லையாம்மா?"

"தொல்லையா? நேரம் காலம் கிடையாது. சாவியைப் போட்டுத் திறந்துக்கிட்டு நடு ஹால்ல வந்து நிக்கும். மருமக குளிச்சுட்டு வந்தா எதிர்ல மாமியார்!"

பூட்டுக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். இந்த அம்மாளுக்கே அறுபது என்றால் மாமியாருக்கு எண்பதாவது இருக்கும். "இந்த வயசுல மூணு மாடி ஏறியா?"

"லிஃப்ட் எதுக்கு இருக்கு?"

"உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"மாமியார் மருமக விஷயத்துல எந்த ஆம்பளை வாயைத் திறந்திருக்கான்? இப்ப வீட்டைக் காலி பண்ணிட்டு வேற ஊருக்கே போயிடலாம்கிற அளவுக்குப் பேச்சு முத்திப்போச்சு." அந்த அம்மாளின் குரல் லேசாக இறங்கியது.

பூட்டுக்காரர் தண்ணீர் கேட்டார். அந்த அம்மாள் சமையலறையில் ஒரு அலமாரியைத் திறந்தார், மூடினார். இன்னொன்றைத் திறந்தார். மூன்றாவதில்தான் டம்ளர் கிடைத்தது.

"எல்லாத்தையும் மறுபடியும் இடம் மாத்தி வெச்சாச்சு" என்று முணுமுணுத்தபடி வந்தார்.

"அடுப்படி வரைக்கும் கை வைக்கிறாங்களா!" பூட்டுக்காரருக்கே கோபம் வந்துவிட்டது. புதுப் பின்களை இடுக்கியால் ஒவ்வொன்றாய் இறக்கி, ஸ்பிரிங் பொருத்தி, உருளையைக் கதவில் மாட்டினார்.

அந்த அம்மாள் பழைய சாவியை நுழைத்துத் திருகினார். அசையவில்லை. இன்னொரு முறை, உதட்டைக் கடித்துக்கொண்டு, முழுப் பலத்தோடு திருகினார். ஊஹும்.

நீளமாக ஒரு மூச்சு விட்டு, சாவியைப் பூட்டுக்காரரின் பையிலேயே போட்டார். "இது என் கண்ணுல படவே வேணாம். கொண்டு போயிடுங்க."

இருவரும் வெளியே வந்ததும், பூட்டுக்காரர் கதவைச் சாத்திப் புதுச் சாவியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது லிஃப்ட் திறந்தது. அலுவலகப் பையோடு வந்த இளம்பெண், வாசலில் கிடந்த கருவிகளைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"என்ன நடக்குது இங்க?"

அந்த அம்மாள் மூன்று புதுச் சாவிகளையும் வாங்கி அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். "மூணுதான். மூணும் உன்கிட்டயே இருக்கட்டும். திறந்து பாரு."

அவள் குழப்பத்தோடு திறந்து உள்ளே போனாள். பூட்டுக்காரர் தரையில் கிடந்த துணியை உதறி மடித்துக்கொண்டே அவளுக்குத் தைரியம் சொன்னார். "கவலையை விடும்மா. இனிமே அந்தக் கிழவி தலைகீழா நின்னாலும் இந்த வாசலைத் தாண்ட முடியாது."

அவள் முகம் வெளிறிப்போய், அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்றிருந்த அந்த அம்மாள், திறந்திருந்த கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

"உள்ள வரலாமா, மருமகளே?"