இடப்பக்கம்

பக்கவாதம் வந்த பிறகு தணிகாசலத்துக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போனது. கண் நன்றாகத்தான் இருக்கிறது, மூளைதான் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டது என்றார் டாக்டர். தட்டின் வலப்பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, பார்க்க வந்த தம்பியிடம் அவர் கத்தினார்.

"பாத்தியா, அரை வயித்துக்குப் போட்டுட்டு எங்கயோ போயிட்டா."

வேதநாயகி இடப்பக்கம் உட்கார்ந்து அவருடைய மரத்த கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. அப்பதான் அண்ணனுக்குத் தெரியும்" என்றான் தம்பி.

"கல்யாணமான நாள்லேருந்து அவருக்குத் தெரியற பக்கமாத்தான் போய்ப் போய் நின்னேன். இனி அவர் திரும்பட்டும்."

அவள் நகரவில்லை. அவள் குரல் கேட்டதும் தணிகாசலம் அவசரமாக வலப்பக்கம் திரும்பித் தேடினார்.