அவசரத்துக்கு ஒரு சுவர்

“போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் கேட்டைத் திறக்காதே. எமனே வந்தாலும் வெளியே நிக்கட்டும்.”

வாட்ச்மேனிடம் கறாராகச் சொல்லிவிட்டு வந்தார் குடியிருப்புச் செயலாளர்.

அந்தக் குடியிருப்பைப் பாரம்பரியக் கட்டிடப் பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்க்க அதிகாரியம்மா வந்திருந்தார்.

“அறுபது வருஷம் ஆச்சு மேடம். மில் தொழிலாளிகளுக்காகக் கட்டினது. வளைவு, படிக்கட்டு, பால்கனி... எதையும் நாங்க தொட்டதில்லை.”

“ரெண்டு பால்கனிக்கு நடுவுல தடுப்பு மட்டும் அப்பளம் மாதிரி இருக்கே?”

“அங்கதான் இருக்கு அந்த இன்ஜினீயரோட மூளை! ஆபத்துன்னா ஓங்கி ஒரு உதை. பக்கத்து வீட்டுக்குப் போயிடலாம். இதுவரைக்கும் ஒருத்தரும் உதைச்சதில்லை!”

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வாட்ச்மேன். எடுக்காமல் துண்டித்தார்.

“பரவாயில்லை, பேசுங்க.”

“விடுங்க மேடம். டீ குடிக்கப் போறதுக்குக்கூட என்னைக் கேப்பான்.”

அதிகாரியம்மா கேமராவை உயர்த்தினார். “மூணாவது மாடித் தடுப்புல ஏதோ ஓட்டை தெரியுதே?”

செயலாளர் அண்ணாந்து பார்த்தார். முகம் சுருங்கியது. இந்தப் பக்கம் அவருடைய அம்மா தனியாக இருக்கும் வீடு. அந்தப் பக்கம், புதிதாகக் குடிவந்த தையல்காரப் பெண்.

கேட் பக்கம் ஹாரன் விடாமல் அலறியது.

“ஜனங்களுக்குப் பொறுமையே கிடையாது,” என்று முணுமுணுத்தபடி படியேறினார். போன் மறுபடி அதிர்ந்தது. அணைத்தே விட்டார்.

தையல்காரி கதவைத் திறந்ததுமே பிடித்துக்கொண்டார்.

“யாரைக் கேட்டு இடிச்சே? அறுபது வருஷச் சுவர்! எங்கம்மாவுக்குக் காது கேக்காதுங்கற தைரியமா? இன்னிக்கே வீட்டைக் காலி பண்ணு!”

அவள் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. குதிகாலில் ரத்தம்.

“கேஸ் நாத்தம் அடிச்சது சார். பக்கத்து வீட்டுக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தட்டித் தட்டிப் பார்த்தேன். அதான்... உதைச்சேன்.”



“அ... அம்மா?”

“என் கட்டில்ல படுக்க வச்சிருக்கேன். மூச்சு இருக்கு. நினைவு இல்லை.”

“நிக்கறியே! ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்னு தோணலையா உனக்கு?”

“அது அப்பவே வந்துடுச்சு சார். நீங்க சொன்னாத்தான் கேட்டைத் திறப்பேன்னு வாட்ச்மேன் சொல்றார்.”