பின் சக்கரத்து இரைச்சல்

ஜாக்கியில் ஏறி நிற்கும் காரின் பின் சக்கரத்தை இவன் மனைவியின் அண்ணன் ஒரு கையால் சுழற்றுகிறான். மறு கை ஸ்பிரிங்கின் மேல், நாடி பார்ப்பதுபோல். காதை நம்பமாட்டான் மெக்கானிக் மச்சான். கைக்கு வரும் நடுக்கத்தைத்தான் நம்புவான். மாதக்கணக்காக முனகிய பழைய பேரிங், கிரீஸைப் பூசிக்கொண்டு தரையில் கிடக்கிறது. புதியதில் சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. "நடுக்கமே இல்ல. ஏறுங்க, ஒரு ரவுண்டு போய்ப் பாத்துடுவோம்." இவன் ஓட்ட, மச்சான் பக்கத்தில், மனைவி பின் சீட்டில். வேகம் அறுபதைத் தொடுகிறது. வழக்கமாக இந்த இடத்தில்தான் பின்னாலிருந்து வண்டுக்கூட்டம் கிளம்பும். இப்போது மூச்சுக்காட்டவில்லை. சாய்ந்த வெயில் டாஷ்போர்டுத் தூசியில் சொகுசாக உட்கார்ந்து வருகிறது. இவனுக்கு விசிலடிக்கலாம்போல் இருக்கிறது. "எனக்கு எப்பதாங்க வண்டி ஓட்டக் கத்துத் தருவீங்க?" என்கிறாள் மனைவி, மெதுவாகத்தான். "என்னது? சத்தத்துல ஒண்ணும் கேக்கல!" பழக்கதோஷத்தில் இவன் வாய் முந்திக்கொள்கிறது. மச்சான் கைக் கிரீஸைத் துடைத்தபடி திரும்பிப் பார்க்கிறான். "எந்தச் சத்தத்துல, மாப்ள?" அசடு வழிய, ஆளில்லாத சாலையின் ஓரமாக வண்டியை நிறுத்துகிறான். இவன் பெல்ட்டைக் கழற்றுவதற்குள், டிரைவர் பக்கக் கதவை வெளியிலிருந்து திறந்துகொண்டு நிற்கிறாள் அவள்.