தீபத்துக்குப் புது டயர்

திரௌபதி தன் புருஷனின் பைக்கைத் தள்ளிக்கொண்டு வேங்கிக்கால் டயர் கடைக்கு வந்தபோது, கடைக்காரர் கவுஸ் பாஷாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பொறுக்கவில்லை. உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது.

“இந்தத் தடவை எதாலம்மா அடிச்சான்?”

“ஸ்பேனரால. ரெண்டு டயரும் புதுசா மாத்திடுங்க பாய்.”

பாஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இப்படி ரத்தம் வர அடிக்கிறவனுக்குப் புது டயரா? போன மழைக்கே டயர் மொட்டையாயிடுச்சு, வழுக்கி விழுந்தா மண்டை சிதறிடும்னு அவன்கிட்ட சொன்னேன். மாத்த வேணாம்னு நீதானேம்மா தடுத்த?”

“கார்த்திகை தீபத்துக்குப் பொண்ணு ஹாஸ்டல்லேர்ந்து வர்றா. இங்க இருக்கிற வரைக்கும் அவரு பின்னாடிதான் உக்காந்து போவா. மழை வேற ஜாஸ்தியா இருக்கு.”

பெண்ணுக்காக என்றதும் பாஷாவின் கோபம் தணிந்தது. புது டயர்களை மாட்டி முடித்து, பழசைத் தூக்கிக் குப்பையில் எறியப் போனார்.

திரௌபதி குறுக்கே வந்து டயரைப் பிடித்துக்கொண்டாள். திறந்திருந்த அந்த ஒற்றைக் கண் கலங்கவே இல்லை.

“இதைப் பத்திரமா வைங்க பாய். தீபம் முடிஞ்சு பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனதும் வண்டிய எடுத்துட்டு வர்றேன். இதையே திரும்ப மாட்டிடுங்க.”