இந்து ஒளித்து வைத்த பற்கள்

"எம்மா, இந்து விழுந்த பல்லை எல்லாம் ஒளிச்சு வச்சிருக்கா!"

போட்டுக் கொடுத்தது நான்தான். அது நடந்து பதினாறு வருஷம் இருக்கும். எனக்கு அப்போது எட்டு வயது. தங்கை இந்துமதிக்கு ஆறு.

தடுக்கி விழுந்தாலே எலும்பு முறிகிற உடம்பு எனக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பா கருப்பட்டிக் கடையைப் பூட்டிவிட்டு, தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குக் கூட்டிப் போவார். எலும்புத் தேய்மானம் வந்த பெரியவர்களுக்குக் கொடுக்கும் மருந்தைத்தான் அங்கே எனக்கும் டிரிப்பில் ஏற்றினார்கள்.

எலும்பு முறிவது குறைந்தது. ஆனால் ஒரு பால்பல்கூட விழவில்லை.

"இந்த மருந்து எலும்பைக் கரைய விடாது. புதுப் பல் மேலே வரணும்னா தாடை எலும்பு கொஞ்சம் கரைஞ்சு வழிவிடணும். அதான் தாமதம். கண்டிப்பா வரும்" என்றார் டாக்டர்.

அவர் சொன்னபடி பிற்பாடு எல்லாம் வந்தன. எட்டு வயதில் 'பிற்பாடு' யாருக்கு வேண்டும்?

வகுப்பில் அத்தனை பேரும் பொக்கை வாயோடு சிரிப்பார்கள். "ஏளா, பாப்பா பல்லு!" என்று விஜிலா என்னைக் கூப்பிடுவாள். வீட்டுக்கு வந்து அழுவேன்.

அந்தச் சமயத்தில்தான் கடலைமிட்டாய் கடித்த இந்துவுக்கு முதல் பல் விழுந்தது. எனக்கு முன்னால், அவளுக்கு!

"அந்தப் பல்லைக் கொண்டா ளா. சாணியில பொதிஞ்சு கூரையில எறிவோம். அப்பதான் புதுப் பல்லு முளைக்கும்" என்றாள் அம்மா.

"முழுங்கிட்டேன்."

அடுத்த பல்லுக்கு, "முத்துநகர் பீச்சுல மண்ணுக்குள்ள விழுந்துட்டு" என்றாள்.

மறுநாள் அவள் பென்சில் டப்பாவில் பார்த்தேன். பஞ்சுக்குள் இரண்டு பல். என்னைக் கண்டதும் டப்பென்று மூடினாள். எனக்குக் காட்டிக் கேலி செய்யத்தான் வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். நேரே அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா டப்பாவைப் பிடுங்கித் திறந்தாள். இந்துவின் முதுகில் இரண்டு வைத்தாள்.

"பொய்யா சொல்லுத? அக்காவே பல்லு விழலையேன்னு கெடந்து தவிக்கா. அவகிட்ட காட்டிப் பெருமையடிக்கவா வச்சிருக்க?"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். நாலைந்து நாளாகவே அப்படித்தான் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தாள். அம்மா கையை இழுத்து விலக்கினாள். கீழ் ஈறில் அரிசிக் குருணை போல வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது.

"கூரையில எறிஞ்சா முளைச்சிரும்னு நீதானம்மா சொன்ன? எனக்கு மொதல்ல முளைச்சா அக்கா அழுவால்லா... அதான் எறியாம வச்சிருந்தேன். எறியாமலே முளைச்சிட்டும்மா!"